சோனாரையும் வலைக் கணக்கில் எழுதுங்கள்: ஒரு வள்ளக்காரனின் திறந்த மடல்

தமிழகக் கடலில் யார், எங்கே, எந்த வலையால் மீன் பிடிக்கலாம் என்று விதி எழுதும் பெரியவர்களுக்கு,

வணக்கம். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். 54 வயது. 32 அடி ஃபைபர் வள்ளம், வெளியே மாட்டும் மோட்டார் இரண்டு, என்னோடு சேர்த்து நான்கு பேர். காலத்துக்கு ஏற்றபடி வலையும் தூண்டிலும். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. தூத்துக்குடியில் மீன்வளம் படித்த என் மகள் ஆங்கிலத்தில் இருப்பதை வாசித்துச் சொல்வாள். கீழே வரும் வெளிநாட்டுச் சங்கதிகள் அவள் சொன்னவை. கடல் சங்கதிகள் என்னுடையவை.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் இதைப் பேச எழுந்தேன். டீசல் மானியம், தூண்டில் வளைவு, இடிந்த வலைக்கூடம் என்று பெரிய காரியங்கள் வரிசையில் நின்றன. நான் சோனார் என்று தொடங்கியதும், "மீன் கண்டுபிடிக்கிற மெஷின்தானே, அதில் உமக்கு என்ன குறை?" என்று மேடையிலிருந்து ஒரு கேள்வி. பதில் சொல்வதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. விட்ட பதில்தான் இந்த மடல்.

எனக்கு மெஷின்மேல் குறை ஒன்றுமில்லை. 2011இலிருந்து என் வள்ளத்திலும் ஒன்று இருக்கிறது. மீனைப் பிடிக்கும் கருவிக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கும் நீங்கள், மீனைக் காட்டிக்கொடுக்கும் கருவியை வெறும் சாமானாக நினைத்துவிட்டீர்கள். குறை அதில்தான்.

என் பாட்டாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, எக்கோசவுண்டர் கிடையாது. தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி எதிரொலியில் ஆழமும் மீனும் பார்க்கும் பெட்டி அது. கணியம் இருந்தது. வேளிமலையின் ஒரு முகட்டையும் கரையில் நிற்கும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார். பிறகு முட்டம் கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னால் இன்னொரு அடையாளத்தையும் அதேபோல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவருவார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டுமரத்தை நிறுத்தினால் நேர் கீழே பார் இருக்கும். பார் என்பது கடலடியில் உள்ள பாறைத்திட்டு, மீனுக்கு ஊர் மாதிரி. ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக்கட்டி. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஈயத்தின் அடியில் ஒட்டி வரும் மண்ணை விரலால் தேய்த்து, சேறா மணலா சிப்பியா என்று சொல்லிவிடுவார்.

ஒரு பாரின் கணியம் குடும்பச் சொத்து. கூடத் தொழில் செய்கிறவனுக்கும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டா ஒரு பாரை என் அப்பாவுக்குக் காட்டியது கலியாணம் முடிந்த பிறகுதான். அந்தக் கஞ்சத்தனத்தைச் சின்ன வயதில் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் கஞ்சத்தனத்தால்தான் அந்தப் பார் என் அப்பா காலம் வரைக்கும் மீன் தந்தது என்பது இப்போது புரிகிறது.

காதால் மீன் தேடுவதும் புதிதல்ல. மலேசியாவின் திரெங்கானுக் கரையில் ஜூரு செலாம் என்று ஒரு தொழில்காரர் உண்டு. வள்ளத்திலிருந்து இறங்கித் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, வரும் சத்தத்தை வைத்து என்ன மீன், எந்தப் பக்கம், எவ்வளவு கூட்டம் என்று சொல்வார். மீனுக்கு ஏது சத்தம் என்று கேட்கிறவர்கள் ஒருநாள் கத்தாழை மீன் பிடித்துப் பார்க்க வேண்டும். காற்றுப்பையை அதிரவைத்து வள்ளத்துக்குள் கிடந்தே கொர் கொர் என்று கத்தும். அந்தக் காலத்துக் காது மீன் போடும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. மெஷின் தானே சத்தம் போட்டு எதிரொலியை வாங்கிக்கொள்கிறது. இப்படி ஒரு கருவியை முதன்முதலில் கடைச்சரக்காக்கியவர்கள் ஜப்பானில் நாகசாகிப் பக்கத்து ஃபுருனோ சகோதரர்கள், 1948இல்.

நான் 2011இல் வாங்கியது சின்னது. நோட்டுப்புத்தகம் அளவு திரை, வள்ளத்தின் பின்பக்கம் தண்ணீருக்குள் ஒரு சென்சர். கடல் தண்ணீரில் சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். 20 பாக ஆழத்தில் அடிக்குப் போய்த் திரும்பிவர நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. திரும்பி வரும் நேரத்தை ஆழமாகவும், எதிரொலியின் பலத்தை நிறமாகவும் திரை காட்டும். சிவப்பு பலம், நீலம் பலவீனம்.

முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றும் ஊரில் சிரிப்பார்கள். ஒரு விடியற்காலை, 14 பாகம். திரையில் நடுத்தண்ணீரில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பெரிய திட்டு. சாளை, அதாவது மத்தி, என்று அடித்துச் சொன்னேன். கூட வந்த மச்சான் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "நிறம் சரியில்ல மாப்ளே, பறவையும் இல்ல" என்றார். நான் மெஷினை நம்பினேன். வலையை வளைத்து ஏற்றினால் கண்ணி கண்ணியாகச் சொறி, ஜெல்லிமீன். ஒரு சாளை இல்லை. வலையைக் கழுவவே இரண்டு நாள் போனது, கை அரிப்பு ஒரு வாரம். மச்சான் கரைக்கு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் இறங்கியதும், "அந்த டிவிய வீட்டுல மாட்டு, பிள்ளைங்க படமாவது பாக்கட்டும்" என்றார்.

பிறகு மெல்ல மெல்லப் படித்தேன். மீன்மேல் பட்டுத் திரும்பும் சத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதன் காற்றுப்பையிலிருந்து வருகிறதாம். காற்றுப்பை இல்லாத கணவாய், இறால், சுறா எல்லாம் திரையில் மங்கல். நம் கரையில் வரும் சூரைக்கும் அந்தப் பை இல்லை. கண்ணுக்கு முன்னால் சூரை துள்ளும், திரை வெறுமையாக இருக்கும். கடினமான தரை தடித்த கோடாகத் தெரியும், சேறு இழுபட்டாற்போல் தெரியும். வலையைப் பாறையில் சிக்கவிட்டுக் கிழிப்பது பாதியாகக் குறைந்தது. இருட்டிலும் மூடுபனியிலும் கரை நெருங்குவது தெரிந்தது. ஆனி ஆடிக் கடலில் அந்தப் பெட்டி எத்தனை தடவை எங்களைப் பாறையிலிருந்து காப்பாற்றியது என்று எண்ணி வைக்கவில்லை. மெஷின் சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. 50, 200 கிலோஹெர்ட்ஸில் போகும் அந்தச் சத்தம் பெரும்பாலான மீன்களின் காதுக்கு எட்டாது. மீனை விரட்டுவது நம் மோட்டார்தான். ஓங்கிலுக்கு (டால்பின்) 50 கேட்கும், அது வேறு கதை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருப்பது கீழே மட்டும் பார்க்கும். அதன் சத்தம் 20 பாகை (டிகிரி) கூம்பாக இறங்கும், 30 மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் அகலத்துக்குத்தான் விரியும். அதாவது என் வள்ளம் எந்த மீனின் தலைக்கு மேலே நிற்கிறதோ அந்த மீன்தான் எனக்குத் தெரியும். மீன் இருக்கும் இடத்துக்கு முதலில் நான் போயாக வேண்டும். அதற்கு நீரோட்டம், காற்று, பறவை, தண்ணீரின் நிறம், பாட்டாவின் கணியம் எல்லாம் வேண்டும். சுருக்குமடி என்பது கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் பெரிய வலை. பெரிய சுருக்குமடிப் படகுகள் வைத்திருக்கும் சோனார் வேறு சாதி. படகின் அடியிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி, சுற்றி 360 பாகையும் பார்க்கும். எல்லாப் பக்கமும் 300 மீட்டர் தூரம் வரை பார்க்கும் ஒரு சோனாரை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால் அது ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பு என் பெட்டி பார்ப்பதைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேல். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் காட்டும். வலையை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று திரையைப் பார்த்தே ஓட்டுகிறவர் முடிவு செய்யலாம்.

இரண்டையும் "மீன் கண்டறியும் கருவி" என்று ஒரே பெயரில் எழுதுகிறோம். கைத்தூண்டிலையும் சுருக்குமடியையும் "மீன்பிடி சாதனம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு விட்டுவிடுவீர்களா?

உங்கள் சட்டம் 1983இல் வந்தது. இழுவலையின் மடிக்கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறீர்கள். படகின் எஞ்சின் 240 குதிரைத்திறனுக்கு மேல் போகக் கூடாது என்கிறீர்கள். விசைப்படகு 5 கடல் மைலுக்கு உள்ளே வரக் கூடாது என்கிறீர்கள். சுருக்குமடிக்கு 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டீர்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. எல்.இ.டி. விளக்குப் போட்டு மீனை வரவழைக்கக் கூடாது என்று 2017 நவம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் ஓடும் நியாயம் ஒன்றுதான்: மீனுக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கட்டும். கண்ணி வழியாகவோ, தூரம் வழியாகவோ, நாள் வழியாகவோ. மீனுக்கு இருக்கும் ஆகப் பெரிய தப்பும் வழி, அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் இருப்பது. அதைப் பறிக்கும் கருவியைக் கடையில் யாரும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். விளக்கு மீனை வரவழைத்தால் குற்றம், சத்தம் மீனைக் காட்டிக்கொடுத்தால் முன்னேற்றம்!

குளம் வற்றும் காலத்தைப் பார்த்திருப்பீர்கள். பங்குனி சித்திரையில் தண்ணீர் இறங்க இறங்க மீனெல்லாம் ஒரு மூலைப் பள்ளத்தில் சேரும். அந்தப் பள்ளத்தில் வலை போடுகிறவனுக்குப் போட்ட தடவையெல்லாம் வலை நிறையும். குளத்தில் இந்த வருஷம் நல்ல மீன் என்று அவன் சத்தியம் செய்வான். கடைசித் தடவைக்கு முந்தின தடவை வரைக்கும் வலை நிறைந்துதான் வரும். சாளை, அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி எல்லாம் கூட்டமாக வாழும் மீன்கள். தொகை குறைந்தாலும் சிதறாது, இருப்பது சேர்ந்தே நிற்கும். கூட்டத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி கையில் இருந்தால் ஒரு பயணத்துக்கு எத்தனை பெட்டி என்ற கணக்கு இறங்கவே இறங்காது. நீங்கள் கரையில் இறங்கும் மீனை எண்ணி, படகுக்கு இவ்வளவு வருகிறது, ஆகவே கடலில் மீன் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். கணக்கு விழும் நாளில் மீனும் விழுந்திருக்கும்.

இது என் பயம் மட்டுமல்ல. நார்வேயில் நடந்தது. 1950களில் கேரளத்தின் நீண்டகரைக்கு வந்து நம் பக்கத்துக்கு எஞ்சின் படகும் இழுவலையும் பழக்கிய அதே நார்வே. அவர்கள் கடலில் வசந்தத்தில் முட்டையிடும் ஹெரிங் என்ற மீன், நம் சாளைக்குச் சொந்தக்காரன். 1960களில் சோனார் வந்தது, கூடவே பெரிய வலையை இயந்திரத்தால் தூக்கும் கப்பியும் வந்தது. 1966இல் அந்தக் கூட்டத்திலிருந்து எல்லா நாடுகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 20 லட்சம் டன் பிடித்தார்கள். 1970 வாக்கில் பிடிக்க ஒன்றுமில்லை. குஞ்சு மீனையும் மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் அள்ளியிருந்தார்கள். அது மீண்டு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. நார்வேக்காரர்கள் கடலை அறியாதவர்கள் அல்லவே. நல்ல கப்பல், நல்ல விஞ்ஞானி, நல்ல அரசு எல்லாம் இருந்தும் நாலைந்து ஆண்டுகளில் கைமீறிப் போயிற்று.

நம் சாளையின் கதையை நான் சோனார்மேல் போட வரவில்லை. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் இறங்கிய சாளை, 2021இல் 3,297 டன் ஆனது. கடல் சூடு, மழையின் போக்கு, தீனி என்று விஞ்ஞானிகள் காரணம் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன். என் வள்ளத்திலும் அந்த ஆண்டுகளில் பானை காலிதான். என் கவலை வேறு. கடலே மீனைக் குறைக்கும் ஆண்டில், மிச்சம் இருக்கும் பத்துக் கூட்டத்தில் ஒன்பதைத் தேடிப் பிடிக்கும் கண் நம்மிடம் இருந்தால் அடுத்த ஆண்டு முட்டையிட எது மிஞ்சும்?

இதில் நானும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. ஒரு புரட்டாசிக் காலை. 12 பாகத்தில் வலை இறக்கப் போனோம். போகிற வழியில் திரையில் ஒரு சிவப்புக் கட்டி, தரையிலிருந்து பாதித் தண்ணீர் வரை எழும்பி நின்றது. இந்தத் தடவை பறவையும் இருந்தது, நிறமும் இருந்தது. சந்தோஷத்தில் செல்போனில் சொந்தக்காரர் ஒருவருக்குச் சொன்னேன். அவர் இன்னொருவருக்கு. அரை மணி நேரத்தில் முப்பது வள்ளம். அதற்குப் பின்னால், எங்கிருந்தோ ஒரு பெரிய படகு. எங்கள் வலைகளுக்கு நடுவிலேயே புகுந்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. மேலே இருந்தவர் தண்ணீரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கண் முழுக்க உள்ளே திரையில். இரண்டே வளைப்பு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அரைநாளில் எடுத்ததைவிட அவர்கள் அதில் அள்ளியது பல மடங்கு.

கரைக்கு வந்து பார்த்தால் எல்லாம் விரல் நீளக் குஞ்சு. எட்டு சென்டிமீட்டர் இருக்கும். ஏலம் கூறுகிறவர் பெட்டியைத் தொடவே இல்லை. மீன்தூள் லாரி வந்து கிலோ 15 ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு போனது. ஐந்து கிராம்கூட வராத மீன். ஒரு வருஷம் விட்டிருந்தால் ஒவ்வொன்றும் பத்து மடங்கு எடை போட்டிருக்கும். திரையில் அது குஞ்சா தாயா என்று தெரியவில்லை, எங்கள் பெட்டி எல்லாவற்றையும் ஒரே சிவப்பாகத்தான் காட்டும். பாட்டாவாக இருந்தால் ஒன்றிரண்டைத் தூண்டிலில் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டிருப்பார். எனக்குப் பொறுமை இல்லை, முப்பது வள்ளத்துக்கும் இல்லை. அன்றைக்கு என் பங்கு 900 ரூபாய். அந்தக் காசில் வாங்கிய அரிசி வீட்டில் வேகும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களோ என்னவோ.

கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது. 58 இனங்களுக்கு அப்படிக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அளவு கரைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. செத்த மீனை அளந்து அபராதம் போடலாம், கடலில் திரும்ப விட முடியாது. அதனால்தான் மீனைத் தேடும் கண்ணில், அதாவது சோனாரில், கைவையுங்கள் என்கிறேன்.

என்ன கேட்கிறேன்? முதலில், எழுதி வையுங்கள். படகைப் பதிவு செய்யும்போது நீளம், எஞ்சின் எண், குதிரைத்திறன், வலை வகை எல்லாம் கேட்கிறீர்கள். சுற்றிப் பார்க்கும் சோனார் உண்டா, எத்தனை மீட்டர் பார்க்கும் என்று ஒரு கட்டம் சேருங்கள். ஒரு மாவட்டத்தில் எத்தனை சோனார் என்று இன்றைக்கு உங்களைக் கேட்டால் எந்தக் கோப்பைப் புரட்டிப் பதில் சொல்வீர்கள்?

பிறகு, 12 கடல் மைல் வரை உங்கள் ஆட்சி. அதற்குள் சுற்றிப் பார்க்கும் சோனாரை இறக்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். வெளியே போய் வேண்டுமானால் இறக்கட்டும். எப்படிக் கண்காணிப்பது என்று கேட்பீர்கள். படகடியிலிருந்து இறங்கும் தண்டு அது, ஒளித்துவைக்கும் சாமான் அல்ல. ஆட்டோ மீட்டருக்கு ஈய முத்திரை போடத் தெரிந்த அரசுக்குத் தண்டு எப்போது இறங்கியது என்று காட்டும் ஒரு சின்னக் கருவி பொருத்துவது முடியாத காரியமா? ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் வைக்கும் திட்டம் 2024இல் தொடங்கியாகிவிட்டது. படகு எங்கே நிற்கிறது என்று அதிலேயே தெரியும்போது, தண்டு இறங்கியிருக்கிறதா என்பதையும் அதோடு சேர்த்து அனுப்பச் சொல்லலாம்.

கீழே மட்டும் பார்க்கும் எக்கோசவுண்டரை இதில் சேர்க்காதீர்கள். அது எங்களுக்குக் கைத்தடி. அதைச் சின்ன வள்ளங்களுக்கு மானியத்தில் தாருங்கள். ஆனால் ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அதன் மெனு ஆங்கிலத்தில் இருக்கிறது. வாங்கியவர்களில் பாதிப் பேர் கடைக்காரன் வைத்துக் கொடுத்த அமைப்பை இன்றுவரை மாற்றியதில்லை. சத்தம் எவ்வளவு கூட்ட வேண்டும், 50 எப்போது, 200 எப்போது, பாசியும் சொறியும் திரையில் எப்படித் தெரியும், இதையெல்லாம் ஊருக்கு வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் போதும். என் சொறிக் கதையை வேண்டுமானால் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ராயல்டி வேண்டாம்.

பெரிய படகுக்காரர்கள் சொல்லும் ஒரு நியாயத்தை மறைக்க மாட்டேன். தேடி அலைவதில்தான் டீசல் அதிகம் எரிகிறது, சோனார் இருந்தால் அது மிச்சம் என்பார்கள். உண்மை. அதற்கு ஊருக்கே பொதுவான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் படத்தில் கடலின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து, இந்தத் துறையிலிருந்து இந்தத் திசையில் இத்தனை கிலோமீட்டரில் மீன் சேர வாய்ப்பு என்று சொல்கிறது. அது சொல்லும் இடம் அகலமானது, போய்த் தேடத்தான் வேண்டும், சில நாள் பொய்த்தும் போகும். ஆனால் எனக்கும் பெரிய படகுக்காரருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி. இன்காய்ஸ் சொல்வது ஊருக்கு, சோனார் சொல்வது அதை வாங்க முடிந்தவருக்கு. பல லட்சம் போட்டு வாங்கியவர் அந்தக் கடனை அடைக்க இன்னும் அதிகம் அள்ளியாக வேண்டும். அவரும் பாவம்தான். பக்கத்துப் படகு வாங்கிவிட்டது என்பதற்காகவே வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் விதி வந்தால் அவர்களில் சிலர் உங்களுக்கு ரகசியமாக நன்றி சொல்வார்கள்.

சின்ன வள்ளக்காரனின் வயிற்றெரிச்சல் என்று யாராவது சொல்வார்கள். அதுவும் கொஞ்சம் இருக்கிறது. மூவாயிரம் மடங்கு பார்க்கிறவனோடு ஒரே தண்ணீரில் தொழில் செய்தால் யாருக்கும் எரியும்.

இன்னொன்று உண்டு, அதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கம். இதே சத்தத்தை இதே கடலில் மீனை எண்ணுவதற்குப் பயன்படுத்திய காலம் இருந்தது. 1971இல் தொடங்கி, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உதவியோடு, கொச்சியை மையமாக வைத்து மேல்தண்ணீர் மீன்களைப் பற்றி ஒரு திட்டம் நடந்தது. கப்பல்களுக்கு ராஸ்ட்ரெலிகர், சார்டினெல்லா என்று பெயர். அயிலைக்கும் சாளைக்கும் புத்தகத்தில் உள்ள பெயர்கள். ரத்தினகிரியிலிருந்து தூத்துக்குடி வரை கோடு கோடாக ஓடி, எக்கோசவுண்டரில் மீன் கூட்டங்களைக் கணக்கெடுத்தார்கள். அப்போது நான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்திருப்பேன். எங்கள் ஊர் ஆட்கள் அந்தக் கப்பலைப் பார்த்துக் கையசைத்திருக்கலாம்.

கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்பதைக் கரையில் செத்துக் கிடக்கும் மீனை எண்ணி மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எங்களை வைத்தே எண்ணலாம். என் பெட்டியில் மெமரி கார்டு போடும் துளை இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அது பார்த்ததையெல்லாம் பதிவு செய்யும். கரையோரம் எத்தனை ஆயிரம் வள்ளம்! அதில் நூறு வள்ளம் சம்மதித்தால்கூட, வருஷம் முழுக்க, மழைக்காலத்திலும், எந்தக் கப்பலும் வராத ஆழம் குறைந்த தண்ணீரிலும், கூட்டம் எத்தனை, எவ்வளவு பெரிது, போன வருஷத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று தெரியும். குளத்தின் மூலைப் பள்ளத்தை மட்டுமல்லாமல் முழுக் குளத்தையும் பார்க்க அது ஒரு வழி.

தருவீர்களா என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் பதில், "என் பாரை ஊருக்குக் காட்டிக்கொடுக்கவா?" என்பதுதான். பாட்டாவின் ரத்தம். ஆகவே இடத்தை நுணுக்கமாகப் பதியாமல், ஐந்து கிலோமீட்டர் கட்டமாக மாற்றித்தான் வைப்போம், வேறு யாருக்கும் தர மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். அதை நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்று முதல் வருஷம் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது வருஷம் சிலர் நம்புவார்கள். நான் முதல் வருஷமே தருகிறேன், ஒரு பாரைத் தவிர. அந்த ஒன்றை என் மகளுக்கே இன்னும் காட்டவில்லை.

இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதற்கு முன் உங்களில் யாராவது ஒருவர் ஒருநாள் வள்ளத்தில் வாருங்கள். விடியற்காலை மூன்றரைக்குத் தள்ளுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலுக்குப் போவதில்லை, கோயில். உயிர்காப்புச் சட்டை ஒன்று கூடுதலாக இருக்கிறது. கட்டஞ்சாயாவும் கிழங்கும் மச்சான் கொண்டுவருவார். என் பெட்டியின் திரையை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். சிவப்பாக ஒன்று தெரியும்போது அது சாளையா, குஞ்சா, சொறியா என்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு வலையை இறக்குவோம்.

இப்படிக்கு,
ஒரு வள்ளக்காரன்,
கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கடற்கரை.